பேட்டரி மூடியைத் திறந்து பார்த்தீர்களா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய ஃபிலிம் கேமராக்களை இளைஞர்கள் மறுபடி தேடிப் பிடிக்கிறார்கள் என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன், சந்தோஷம். ஆனால் வெளிச்சத்தை அளந்து காட்டும் லைட் மீட்டர் வேலை செய்யாவிட்டால் அந்தக் கேமராவை அலமாரியில் அழகுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அதில் ஒரு வரி வந்திருந்தது. அதை நம்பி எத்தனை பேர் நல்ல கேமராவை ஓரங்கட்டிவிடுவார்களோ என்று மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது அப்பாவின் மினோல்டா எஸ்ஆர்டி 101, 1966-இல் வெளிவந்த மாடல். பழுதுபார்ப்பவர் ஒருவர் கையில் வாங்கியதுமே "மீட்டர் போச்சு, பார்ட்ஸ் கிடைக்காது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பேட்டரி மூடியைக்கூட அவர் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து நான் திறந்தால் உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கிறது, என்றைக்கோ போட்ட பேட்டரி கசிந்திருக்கிறது. வினிகரில் நனைத்த இயர் பட்ஸால் தேய்த்துத் தேய்த்து எடுத்ததில் உலோகம் மினுங்கியது, ஆனால் மீட்டரின் முள் அசையவில்லை. சரி என்று அடித்தட்டைக் கழற்றினேன் (ஜப்பான் கேமரா திருகுகளுக்கு ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவில் முனையுள்ள ஸ்க்ரூடிரைவர் வேண்டும், சாதாரண ஸ்டார் போட்டால் திருகின் தலை நைந்துவிடும்). பேட்டரி அறையிலிருந்து போகும் ஒயர், பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே கறுத்துப்போய், தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அரிப்பு இப்படித்தான் கம்பி வழியாகவே உள்ளே ஊர்ந்து போகும், வெளியில் ஒன்றும் தெரியாது. விரல் நீளத்துக்குப் புது ஒயர் வைத்து சால்டர் செய்து ஜன்னல் பக்கம் திருப்பினேன், வியூஃபைண்டரில் முள் எழும்பியது!

அப்புறம் பேட்டரி விஷயம். அந்தக் காலத்து மீட்டர்கள் பல 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தவை, பாதரசம் நஞ்சு என்பதால் அவை இப்போது தயாரிப்பில் இல்லை. அதே அளவில் கிடைக்கிற 1.5 வோல்ட் அல்கலைனைப் போட்டால் முள் ஓடத்தான் செய்யும், ஆனால் இருக்கிற வெளிச்சத்தைவிட அதிகமாகக் காட்டும், அதை நம்பி எடுத்தால் படம் இருண்டு போகும். அல்கலைன் தீரத் தீர வோல்டேஜும் இறங்குவதால் ஒரே கணக்காகக் கழித்துக்கொள்ளவும் முடியாது. காது கேட்கும் கருவிக்குப் போடுகிற 675 ஜிங்க்-ஏர் பேட்டரி 1.4 வோல்டில் நிலையாக நிற்கும், ஒரு வளையம் வைத்துப் பொருத்தினால் போதும், என்ன, ஒட்டியிருக்கும் தாளை உரித்துவிட்டால் சில வாரங்கள்தான் தாங்கும். பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கில் இந்தக் கவலையே வேண்டாம், அதன் பிரிட்ஜ் சர்க்யூட் வோல்டேஜ் வித்தியாசத்தைப் பொருட்படுத்தாது. பென்டாக்ஸ் கே1000-இல் மீட்டரை நிறுத்த ஸ்விட்சே கிடையாது, லென்ஸ் மூடி போடாமல் வைத்தால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும், அதையே பழுது என்று நினைத்துவிடுகிறார்கள்.

பேட்டரியே இல்லாமல், வெளிச்சம் பட்டதும் தானே மின்சாரம் தரும் செல்லால் ஓடுகிற செலினியம் மீட்டர் கதை வேறு. அதில் செல் செத்தால் செல்லைத்தான் மாற்ற வேண்டும். அப்போதும் கேமரா ஓடும், நல்ல வெயிலில் அப்பர்ச்சர் (லென்ஸ் துவார அளவு) 16, ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளி உணர்திறன்) 400 ஃபிலிமுக்கு ஷட்டர் 1/500 நொடி என்று வைத்துக்கொண்டு படம் எடுக்கலாம்.

இதைப் பற்றி மறுபடி எழுதும்போது, முதலில் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்