ஊரைக் கேட்காத விசாரணை

ஆசிரியருக்கு வணக்கம்.

நலத்திட்ட முறைகேடு பற்றிய செய்திகள் பெரும்பாலும் 'சிபிசிஐடி விசாரித்து வருகிறது' என்ற வரியோடு நின்றுவிடுகின்றன. பிரதமரின் கிசான் திட்டத்தில் 2020-இல் நடந்த மோசடியை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நிலமுள்ள விவசாயக் குடும்பத்துக்கு மூன்று தவணையாக ஆண்டுக்கு 6,000 ரூபாய் தருவது அந்தத் திட்டம். ஊரடங்கு நேரத்தில் வேளாண் துறையின் யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் ஒப்பந்த ஊழியர்கள் வழியாகத் தனியார் கணினி மையங்களுக்குப் போய்விட்டன. பட்டா, சிட்டா எதையும் பார்க்காமலே பெயர்கள் ஏறின. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உட்பட 13 மாவட்டங்களில் தகுதியில்லாத ஐந்தரை லட்சம் பேருக்கு 110 கோடி ரூபாய் போய்விட்டதாக அந்த செப்டம்பரில் அரசே அறிவித்தது. ஒப்பந்த ஊழியர்கள் 80 பேர் நீக்கப்பட்டார்கள், தரகர்கள் கைதானார்கள், வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. அந்த வேகம் பாராட்டுக்குரியது. ஆனால் பணத்தை மீட்டார்களே தவிர, சாட்சியைத் தொலைத்துவிட்டார்கள்.

எங்கள் தெருவில் களையெடுக்கப் போகும் அம்மா ஒருவர் இருக்கிறார். ஒரு சென்ட் நிலம் கிடையாது. "கொரோனா பணம் வருது, ஆதாரும் பாஸ்புக்கும் ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்க" என்று கேட்டு வந்தவரிடம் நம்பிக் கொடுத்தார். 4,000 ரூபாய் ஏறியது. பாதியை அந்த ஆள் வாங்கிக்கொண்டார். பிறகு நடவடிக்கை வந்தபோது முழுத் தொகையையும் இவர் கணக்கிலிருந்தே பிடித்தார்கள். பணம் யார் கைக்குப் போனது, யார் வந்து கேட்டார்கள், எந்தக் கடையில் பதிந்தார்கள் என்று ஒருவரும் அவரை விசாரிக்கவில்லை. கேட்டிருந்தால் ஆளையே அடையாளம் காட்டியிருப்பார். இப்படி எத்தனை தெருக்களில் எத்தனை பேரோ! அவர்களைக் குற்றவாளிகளைப் போல நடத்தியதால் வாயே திறக்கவில்லை.

நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு 2005 சட்டத்தின் 17-ஆவது பிரிவில் சமூகத் தணிக்கை என்றே ஓர் ஏற்பாடு வைத்தார்கள். தணிக்கையாளர்கள் வீடு வீடாகப் போய், வேலை அட்டையையும் வருகைப் பதிவேட்டையும் ஒப்பிட்டு, கண்டதைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும். குறைகள் அதிலும் உண்டு. ஊராட்சித் தலைவர் முன்னால் எழுந்து பேச எல்லோருக்கும் துணிச்சல் வராது. ஆனாலும் வேலைக்கே வராதவர் பெயரில் கூலி எழுதியிருந்தால், கூட்டத்தில் ஒருவராவது "அவர் திருப்பூர்லதானே இருக்காரு" என்று சொல்லிவிடுவார். எந்தக் கணினியாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

கிசான் பட்டியலையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது கிராம சபையில் வாசிக்க வேளாண் துறை உத்தரவிட வேண்டும். ஏமாற்றப்பட்ட கூலித் தொழிலாளிகளின் வாக்குமூலத்தைச் சாட்சியாகப் பதிவு செய்யவேண்டும். தரகர் எடுத்த பங்கைத் தரகரிடமே வசூலிக்க வேண்டும். யாருடைய ஐடியிலிருந்து எத்தனை பெயர்கள் ஏறின, அவர்கள் மீதான வழக்குகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை மாவட்டவாரியாக அரசு வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு சிறு விவசாயி,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.