அருவியைச் சுற்றி ஒரு ஊர்

முனிச்
செப்டம்பர் 20

அன்புள்ள சொக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆச்சிக்கு முழங்கால் வலி இப்போது தேவலை என்று எழுதியிருந்தாய், மீனாவுக்கு அதைக் கேட்டுத்தான் நிம்மதி. இங்கே பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு வேலை அதிகம், மகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். எங்களுக்குக் குளிர் இன்னும் பழகவில்லை, மற்றபடி குறையொன்றுமில்லை.

உங்கள் காரைக்குடி வீட்டு மரத்தைக் கழற்றி விற்றுவிடலாம் என்று பங்காளிகள் சொல்கிறார்கள், சம்மதிக்கலாமா என்று நீ கேட்டதற்கு உடனே பதில் எழுதாமல் இருந்தேன். உன் கடிதம் வந்த சமயம் மகள் எங்களை ஆஸ்திரியாவில் பாட் காஸ்டைன் என்ற மலையூருக்கு அழைத்துப் போயிருந்தாள். அங்கே பார்த்ததற்கும் நீ கேட்டதற்கும் நெருங்கிய சம்பந்தம் இருந்தது. அதனால் ஊரைப் பற்றி முதலில் சொல்லிவிட்டு அப்புறம் உன் வீட்டுக்கு வருகிறேன்.

முனிச்சிலிருந்து சால்ஸ்பர்க் வழியாக ரயிலில் போகலாம். சமவெளி முடிந்ததும் ரயில் ஆற்றை ஒட்டியே மலையேறுகிறது. பாட் காஸ்டைன் வரைக்கும் ரயில் வந்தது 1905-இல். 1909-இல் தவ்யெர்ன் மலையைக் குடைந்து அந்தப் பக்கத்துக்கும் பாதையைக் கொண்டுபோய்விட்டார்கள். அந்தக் காலத்து இருப்புப் பாலங்களைப் பார்த்தபோது, பொதுப்பணித்துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு வேறெதிலும் கண் போகவில்லை.

ஊர் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு ஊர் கட்ட யாரும் தேர்ந்தெடுக்கிற இடமே இல்லை அது. செங்குத்தான சரிவு, நடுவே ஒரு ஆறு. அந்த ஆறு மூன்று கட்டமாக, மொத்தம் 341 மீட்டர், ஊருக்கு நடுவிலேயே அருவியாக விழுகிறது. நம் குற்றாலத்தில் அருவிக்குப் பக்கத்தில் கடைத்தெரு இருக்கிறது இல்லையா, இங்கே அருவியின் இரண்டு கரையிலும் ஆறு மாடி, எட்டு மாடி ஓட்டல்கள். மலைக்கிராமத்தில் அவ்வளவு உயரமான கட்டடங்கள் எதற்கு என்று முதலில் புரியவில்லை. பாலத்தில் நின்று பார்த்தபோது புரிந்தது. பக்கவாட்டில் பரவ இடமே இல்லை, மேலேதான் போயாக வேண்டும். ஓட்டலுக்குள் ஒரு பக்கம் தரைத்தளமாக நுழைந்து, மறுபக்கம் நான்காவது மாடியாக வெளியே வரலாம். ரயில் நிலையம் உச்சியில், பழைய ஊர் அதற்குக் கீழே. மீனாவுக்குப் படியிறங்குவது சிரமம் என்பதால் லிஃப்டில் இறங்கினோம். பாலத்தில் நின்றால் சாரல் முகத்தில் அடிக்கிறது, பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும்.

இத்தனையும் வெந்நீருக்காக. ஊரின் அடியில் சுமார் 17 ஊற்றுகள், எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 லட்சம் லிட்டர் வெந்நீர். 47 டிகிரி வரை சூடு. மலைமேல் பெய்த மழையும் உருகிய பனியும் பாறை இடுக்கு வழியாக வெகு ஆழத்துக்கு இறங்கி, பூமிச் சூட்டில் காய்ந்து, வேறு வழியில் மேலே வருகிறது. அந்தச் சுற்றுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்கிறார்கள். நடைபாதை ஓரத்தில் இருந்த கல்தொட்டியில் கை வைத்துப் பார்த்தேன். வெந்நீர் ஊற்று என்றால் கந்தக நாற்றம் அடிக்கும் என்றுதான் எதிர்பார்த்துப் போனேன். ஒரு வாடையும் இல்லை. உப்பும் இல்லை, காய்ச்சி வடிகட்டிய தண்ணீர் மாதிரி இருந்தது. கையை எடுத்த பிறகும் விரல்களில் கொஞ்ச நேரம் சூடு நின்றது.

உனக்குப் பிடிக்கும் என்று ஒரு தகவல். 1830 வாக்கில் இந்த வெந்நீரை மரக்குழாய்களில் கீழே பாட் ஹோஃப்காஸ்டைன் வரைக்கும், எட்டு கிலோமீட்டர், கொண்டுபோயிருக்கிறார்கள். ஊற்றில் அந்தத் தண்ணீர் குளிக்க முடியாத சூடு. மரக்குழாய் சூட்டை மெதுவாகத்தான் விடும். கீழே போய்ச் சேரும்போது பதமாக ஆறியிருக்கும். இப்படி யோசித்தவனைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

நீ பதினோராம் வகுப்புக்குப் பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க்கை நடத்துவாயே, அந்த இடத்தை நேரில் பார்த்துவிட்டேன். ஊர் நடுவில் ஸ்ட்ராபிங்கர் சதுக்கம். அதில் ஸ்ட்ராபிங்கர் ஓட்டல். 1865 ஆகஸ்ட் 14-ஆம் தேதி காஸ்டைன் ஒப்பந்தம் கையெழுத்தானது அங்கேதான். டென்மார்க்கிடமிருந்து இரண்டு நாடும் சேர்ந்து கைப்பற்றிய பிரதேசங்களில் ஷ்லெஸ்விக்கின் நிர்வாகம் பிரஷ்யாவுக்கு, ஹோல்ஸ்டைன் ஆஸ்திரியாவுக்கு. லாவன்பர்க் என்ற குட்டிச் சமஸ்தானத்தைப் பிரஷ்யா பணம் கொடுத்தே வாங்கிக்கொண்டது. அடுத்த வருஷமே இரண்டு நாடும் போரில் இறங்கின. அந்தச் சதுக்கம் நம் காரைக்குடிக் கடைவீதியில் பாதிகூட இருக்காது. ஜெர்மனி எந்தப் பக்கம் போகும் என்பதை இவ்வளவு சின்ன இடத்தில் பேசியிருக்கிறார்கள். பேச்சுவார்த்தைக்கு நடுவே அருவிச் சத்தம் காதில் விழுந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

பக்கத்திலேயே பாடஷ்லாஸ், அதாவது குளியல் மாளிகை. 1790-களில் சால்ஸ்பர்க் ஆர்ச்பிஷப் கொலொரெடோ கட்டியது. மொசார்ட்டுக்கு எஜமானராக இருந்து, கடைசியில் அவரோடு பகைத்துக்கொண்டாரே, அவரேதான். பிற்பாடு ஜெர்மன் பேரரசர் முதலாம் வில்ஹெல்ம் வருஷா வருஷம் வந்து அங்கே தங்குவாராம். அவர் பெயரில் ஒரு நடைபாதையே இருக்கிறது. பேரரசர் வந்தால் மந்திரிகள் வருவார்கள், மந்திரிகள் வந்தால் மற்றவர்களும் வருவார்கள். அப்படி வளர்ந்த ஊர். ஆனால் அதற்கும் முன்பு, 1825 கோடையில், இசையமைப்பாளர் ஷூபர்ட் சில வாரம் இங்கே தங்கியிருந்து ஒரு பியானோ சொனாட்டா எழுதியிருக்கிறார். மகள் அதை ரயிலில் போட்டுக் காட்டினாள். முதல் பகுதியின் வேகம் எனக்குப் பிடித்தது, மீனாவுக்கு ரொம்ப நீளமாகப் பட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சதுக்கத்தில் இருந்த பெரிய கட்டடங்கள் பல ஆண்டுகள் காலியாகக் கிடந்தன, சொக்கு. 2000-ஐ ஒட்டிய காலத்தில் வியன்னாவைச் சேர்ந்த ஒரு முதலீட்டாளர் வரிசையாக வாங்கிப்போட்டார். புதுப்பிப்பேன் என்றார். ஒன்றும் நடக்கவில்லை. ஜன்னல்களுக்குப் பலகை அடித்து, சுற்றி வேலி போட்டு, அப்படியே விட்டுவிட்டார்கள். ஊரைச் சுற்றிலும் வியாபாரம் நடக்கிறது, குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்கு வண்டி வண்டியாக ஆள் வருகிறார்கள், நடுச்சதுக்கம் மட்டும் இருட்டு. நாங்கள் தங்கிய விடுதியை நடத்தும் பெரியம்மா சொன்னார்: “குழந்தைகளை அந்தப் பக்கம் விளையாட விடமாட்டோம், மேலேயிருந்து காரை விழும்.” அவர் கல்யாணமான புதிதில் அந்த ஓட்டல்களில் ஒன்றில் வேலை பார்த்தவராம்.

கூரை ஒழுகினால் மேல்மாடி மரம் ஊறும். ஊறிய மரம் குளிர்காலத்தில் உறையும், வெயிலில் விரியும், ஒரே வருஷத்தில் பிளக்கும். உள்ளே கணப்பு எரியாவிட்டால் சுவரில் ஈரம் ஏறும். ஆள் குடியிருக்கிற கட்டடத்தில் ஓர் ஓடு நகர்ந்தால் அன்றே யாராவது பார்ப்பார்கள். பூட்டிய கட்டடத்தில் அதையே அடுத்த தலைமுறைதான் பார்க்கும். இதை உனக்குச் சொல்லத் தேவையில்லை. போன முறை உன் வீட்டு இரண்டாங்கட்டில் பர்மாத் தேக்குத் தூணின் அடியில் நீ விரலால் குத்திக் காட்டினாய், மாவாக உதிர்ந்தது.

கடைசியில் 2017-இல் சால்ஸ்பர்க் மாநில அரசே பணம் போட்டு ஸ்ட்ராபிங்கர், பாடஷ்லாஸ், பழைய தபால் நிலையம் மூன்றையும் வாங்கியது. அரசு ஓட்டல் நடத்தவில்லை. முடிச்சை அவிழ்த்தது, அவ்வளவுதான். இன்னின்னதைச் செய்தாக வேண்டும் என்ற நிபந்தனையோடு வேறு கையில் ஒப்படைத்தது. இங்கே முனிச்சில் ஆண்கள் துணிக்கடையால் பெயர் பெற்ற ஹிர்மர் குழுமம் அவற்றை எடுத்துச் சீர்செய்து, 2023-இல் ஓட்டல்களைத் திறந்துவிட்டது. பாடஷ்லாஸுக்குப் பின்னால் கான்கிரீட்டில் ஒரு புதுக் கோபுரம் எழுப்பியிருக்கிறார்கள். உயரம் எனக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் பழைய மாளிகையில் இருக்கிற அறைகளை மட்டும் வைத்துக்கொண்டு கணக்கு நேராகாது, செலவைத் தாங்குவது அந்தக் கோபுரம்தான். பழையதை அப்படியே வைத்திருப்பேன், வேறெதையும் பக்கத்தில் விடமாட்டேன் என்று நின்றிருந்தால் பழையதும் விழுந்திருக்கும்.

எல்லாம் மீண்டுவிடவில்லை. 1974-இல் கெர்ஹார்ட் கார்ஸ்டெனாவர் என்ற கட்டடக்கலைஞர் கட்டிய மாநாட்டு மண்டபம் பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. அருவியை ஒட்டி அடுக்கடுக்காக இறங்கும் கான்கிரீட் கட்டடம். அதன் கூரைதான் தெருவுக்கு மொட்டைமாடி, அதில் கண்ணாடிக் குமிழ்கள். அசிங்கம் என்று சொல்கிறவர்களும் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தச் சரிவில் அஸ்திவாரம் போட்டுத் தெருவோடு தெருவாக அதைச் சேர்த்திருக்கும் விதத்தைப் பார்க்க இரண்டு கண் போதாது. அவரே 1968-இல் பாறையை வெடிவைத்துப் பிளந்து கட்டிய வெந்நீர்க் குளம் இன்றும் ஓடுகிறது. அதில்தான் குளித்தோம். ஒரு பக்கச் சுவர் வெட்டிய பாறையேதான், வெடிமருந்துக்குத் துளைபோட்ட தடம்கூடத் தெரிகிறது. தண்ணீருக்குள் நின்றபடி அந்தத் தடத்தைத் தடவிப் பார்த்தேன்.

உன் கேள்விக்கு என் பதில் இதுதான். மரத்தை மட்டும் கழற்றிப் பழம்பொருள் வியாபாரிக்குக் கொடுத்துவிடலாம் என்று பங்காளிகள் சொல்வதற்கு நீ இப்போது தலையாட்டாதே. உங்கள் வீட்டுக்கு வந்திருப்பதும் இதே வியாதி. பதினான்கு பங்கு, ஆளுக்கொரு ஊர், யாருக்கும் விற்க மனசில்லை, செலவழிக்கவும் மனசில்லை. அதில் யார்மீதும் தப்பு இல்லை. ஆனால் பொறுப்பு ஒரு கைக்கு வராதவரை ஒரு ஓடுகூட மாறாது. பங்கை விடச் சம்மதிப்பவர்களிடம் நியாயமான விலைக்கு வாங்கிக்கொள்ளலாம், அல்லது எல்லோரும் சேர்ந்து ஒரு அறக்கட்டளை வைத்து ஒருவரிடம் அதிகாரம் கொடுக்கலாம். முகப்பையும் வளவு முற்றத்தையும் கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் வைத்துக்கொண்டு, பின்கட்டைத் தங்கும் விடுதிக்கு விடுங்கள். அங்கே குளியலறை கட்டினால் பாட்டன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வேறு சில விஷயங்கள். காஸ்டைன் பள்ளத்தாக்கு பதினாறாம் நூற்றாண்டில் தங்கச் சுரங்கத்தால் கொழித்த இடம். வைட்மோஸர் என்ற சுரங்கக் குடும்பத்துச் சீமாட்டி, “இந்த மோதிரம் எனக்குத் திரும்பக் கிடைக்காதது எவ்வளவு நிச்சயமோ, நான் ஏழையாகாததும் அவ்வளவு நிச்சயம்” என்று சொல்லி மோதிரத்தை ஆற்றில் எறிந்தாளாம். சில நாளில் சமையலுக்கு வந்த மீனின் வயிற்றில் அது இருந்ததாம். மீன் வயிற்று மோதிரக் கதை நமக்குப் புதிதா என்ன? மீனா கேட்டுவிட்டு, இது நம்மூரிலிருந்து போன கதை என்று அடித்துச் சொல்கிறாள்.

இன்னொன்று, ஆச்சிக்காக விசாரித்தேன். 1940-களில் பக்கத்து பாக்ஸ்டைனில் மறுபடி தங்கம் தேடிக் குடைந்தார்கள். தங்கம் சரியாக அகப்படவில்லை, உள்ளே வேலை செய்தவர்களுக்கு மூட்டுவலி குறைந்ததாம். 1952-லிருந்து அதை வைத்தியச் சுரங்கமாக நடத்துகிறார்கள். குட்டி ரயிலில் மலைக்குள் கூட்டிப்போய்ப் படுக்கவைப்பார்கள். வெப்பம் 37-லிருந்து 41 டிகிரி வரை, காற்றில் ரேடான் வாயு. முதுகெலும்பு இறுகிப்போகும் வாதத்துக்கு நிறையப் பேர் வருகிறார்கள். ஆனால் ரேடான் கதிர்வீச்சுள்ள வாயு, நுரையீரலுக்கு ஆகாது என்று தெரிந்த பொருள். இதன் பலன் பற்றி டாக்டர்களுக்குள் ஒருமித்த கருத்தும் இல்லை. உள்ளே விடுமுன் மருத்துவப் பரிசோதனை கட்டாயம். நாங்கள் போகவில்லை. ஆச்சிக்கு இருப்பது தேய்மானம்தானே, உங்கள் டாக்டர் சொன்ன பயிற்சியை விடாமல் செய்யச் சொல். காலையில் ஐந்து நிமிஷம் வெந்நீர் ஒத்தடம் கொடுக்க ஆஸ்திரியா வரவேண்டியதில்லை.

தேவாலயம் ஒன்றைச் சொல்ல மறந்துவிடக் கூடாது. நிக்கோலஸ் ஆலயம், சின்னது. உள்ளே நுழைந்தால் கூடத்துக்கு நட்டநடுவில் ஒரே ஒரு தூண். கூரையின் விலா எலும்புகள் எல்லாம் அந்தத் தூணிலிருந்துதான் நாலா பக்கமும் கிளம்புகின்றன. சுவரில் மங்கிய பழைய ஓவியங்கள். நீ பார்த்தால் அரை நாள் அங்கேயே உட்கார்ந்துவிடுவாய்.

நாங்கள் டிசம்பர் கடைசியில் ஊர் திரும்புகிறோம். பொங்கல் கழிந்ததும் காரைக்குடி வருகிறேன். அதற்குள் நீ மூன்று காரியம் செய்து வை. பங்காளிகள் பதினான்கு பேரின் பெயரும் போன் நம்பரும் ஒரே தாளில் வேண்டும். மூலப் பத்திரத்தின் நகல் ஒன்று எடுத்து வை. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் இரண்டாங்கட்டுக் கூரையில் ஆள் ஏற்றி, நகர்ந்த நாட்டோடுகளை மட்டுமாவது மாற்றிவிடு, அந்தச் செலவில் பாதி என்னுடையது, மறுத்துப் பேசாதே. தேவகோட்டையில் மர வேலைக்கு நல்ல ஆசாரி ஒருவர் இருப்பதாகச் சொன்னாயே, ஜனவரியில் அவருக்கு ஒரு நாள் ஒழியுமா என்று இப்போதே கேட்டு எழுது.

ஆச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன்,
ராமநாதன்