மெருகேற்றிக் கெடுத்த ஏழு மரமீன்கள்: ஒரு புகார்க் கடிதம்

அனுப்புநர்
தங்கள் வாடிக்கையாளர்,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
பழம்பொருள் மதிப்பீடு மற்றும் பராமரிப்பு நிறுவனம்,
சென்னை.

பொருள்: மதிப்பீட்டுக்குக் கொடுத்த பழைய மீன்பிடி லூர்களைக் கெடுத்தது, தவறான அறிக்கை தந்தது, கூடுதல் கட்டணம் வாங்கியது குறித்து.

மதிப்புக்குரிய மேலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

மதிப்பீடு செய்யவும் லேசாகத் தூசி துடைக்கவும் உங்களிடம் நான் ஒப்படைத்த ஏழு பழைய லூர்கள் போன வாரம் கூரியரில் திரும்பி வந்தன. வெல்வெட் பெட்டி, புது வார்னிஷ், பளபளவென்று புது முள் (தூண்டில் கொக்கி). பிரித்துப் பார்த்ததும் வேறு யார் வீட்டுச் சாமானோ மாறி வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

இந்தக் கடிதத்தைப் படிப்பவர் லூரைப் பார்த்திருப்பாரோ என்னவோ. புழுவுக்கும் மீன்குஞ்சுக்கும் பதிலாகத் தூண்டில் கயிற்றில் கட்டுகிற பொய் மீன் அது. எங்கள் வீட்டில் மரமீன் என்போம். எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, பினாங்குக் கிட்டங்கியில் (செட்டியார்களின் வட்டிக்கடையில்) மேலாளாக இருந்தவர். ரப்பர் தோட்டத்துத் துரை ஒருவர், 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வருவதற்கு முன்பே, கடைசிப் பாக்கிக்கு ஈடாக இவற்றைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். ஐயா ஒரு நாளும் மீன் பிடித்தவர் இல்லை. கணக்கில் வந்த பொருளை வீசக்கூடாது என்று கொண்டுவந்து பெட்டகசாலையில் வைத்தார். துரையின் பெயர், பாக்கித் தொகை, தேதி எல்லாம் எழுதி ஒரு சீட்டும் கூடவே வைத்திருந்தார்.

அந்தச் சீட்டும் அட்டைப்பெட்டிகளும் திரும்பி வரவில்லை. உங்கள் ஊழியர் எழுதிக்கொடுத்த ரசீதில் "லூர் 7, அட்டைப்பெட்டி 2, காகிதம் 1" என்று தெளிவாக இருக்கிறது. தொலைபேசியில் கேட்டால், "பழைய பேக்கிங்தானே மேடம், டிஸ்போஸ் பண்ணிட்டோம்" என்கிறார்கள். பழம்பொருள் நிறுவனம் பேசுகிற பேச்சா இது? லூர் சேகரிப்பவர்களிடம் முதலில் விலைபோவதே அந்த அட்டைப்பெட்டிதான். லூரை எல்லோரும் பத்திரப்படுத்தினார்கள், பெட்டியைக் கிழித்து எறிந்தார்கள். அதனால் சில மாடல்களுக்கு உள்ளே இருக்கும் மீனைவிடக் காலிப் பெட்டிக்கு விலை அதிகம். நான் கொடுத்த ஒரு பெட்டியின் ஓரத்தில் 700 என்று முத்திரை இருந்தது. கிரீக் சப் என்ற அமெரிக்க லூர் கம்பெனியின் பைக்கி மின்னோ என்ற மரமீன் வரிசைக்கு உரிய எண் அது. பெட்டியும் மீனும் ஜோடிதான் என்பதற்கு இருந்த ஒரே அத்தாட்சியும் அதுவே.

சரி, மீன்களுக்கு வருவோம். இரண்டு பைக்கிகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதன் செதில்களைக் கையால் வரையவில்லை. மர உடம்பின் மேல் வலைத்துணியைப் போர்த்தி, வலைக்கண் வழியாகப் பெயிண்ட் தெளித்து வரவழைத்தார்கள். கிரீக் சப்காரர்களின் கைவேலைக்கு அதுதான் பெயர்போன அடையாளம். அடிவயிற்றில், முள் ஆடி ஆடி உரசிய இடத்தில், பிறை மாதிரி மெல்லிய கீறல் ஒன்று இருந்தது. கண்ணாடிக் கண்ணைச் சுற்றி வார்னிஷில் மயிரிழை வெடிப்புகள் இருந்தன. இப்போது கீறலும் இல்லை, வெடிப்பும் இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறீர்கள். வயிற்றுப் பக்கம் ஒரு விரல் அகலத்துக்குச் செதில் வழுவழுவென்று மழுங்கிப்போயிருக்கிறது. அதன் மேல் பூசிய வார்னிஷ் கண்ணோரம் வழிந்து சொட்டாகவே காய்ந்திருக்கிறது. புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தேன். பழைய பூச்சு ஒரு மாதிரியும், நீங்கள் பூசியது வேறு மாதிரியும் தெரிகின்றன. புகைப்படம் இணைத்திருக்கிறேன். அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் கலப்பது சாதாரணம். தேய்த்த பையன் முகக்கவசம் போட்டிருந்தானா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

முள்ளை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு, துருப்பிடித்திருந்தது என்று பதில் வந்தது. துருப்பிடித்திருந்தாலும் அவை கம்பெனி முள். முள்ளும், அதை உடம்போடு பிணைக்கிற கம்பியும், கம்பி இறங்கும் குழிக்கிண்ணமும்தான் லூரின் வயதைச் சொல்லும். பெயர் அழிந்துபோன லூரைக்கூட முள் மாட்டிய விதத்தை வைத்துக் கண்டுபிடிப்பார்கள்.

பிளாஸ்டிக் லூர் இரண்டும் ஹெட்டன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் ரிவர் ரன்ட் ஸ்பூக் மாடல். அவற்றை அசிட்டோனால் துடைத்ததாக உங்கள் பில்லே சொல்கிறது. அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்கில் செல்லுலோஸ் அசிடேட் வகை அதிகம், அசிட்டோன் பட்டால் மேல்தோல் இளகிவிடும். இளகித்தான் இருக்கிறது. ஒன்றின் முதுகில் துடைத்த துணியின் நெசவு அப்படியே பதிந்திருக்கிறது. இது போதாதென்று, படம் எடுக்கும்போது அழகுக்காக வைத்த ரப்பர் புழுக்களையும் அதே பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். அந்தப் புழுவிலிருந்து கசிகிற எண்ணெய்ப்பசை பழைய பெயிண்டையும் கெட்டிப் பிளாஸ்டிக்கையும் அரித்துவிடும். மீன் பிடிக்கப் போகிற பையன்களுக்கே தெரிந்த விஷயம், அவர்கள் இரண்டையும் ஒரே டப்பாவில் போடமாட்டார்கள். புழு ஒட்டியிருந்த இடத்தைத் தொட்டால் விரல் பிசுபிசுக்கிறது.

இங்கிலாந்தின் ரெடிச்சில் செய்த டெவன் மின்னோ என்ற லூர் இரண்டும் உலோகம். பஃப் போட்டு அவற்றின் மேலிருந்த தங்கப் பூச்சையே வழித்துவிட்டீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருப்பவரிடம் காட்டினேன். அவர் லூர் விற்பவர் இல்லை. கதவுக் குமிழும் எனாமல் தூக்குச்சட்டியும் விற்பவர். கையில் வாங்கியதுமே, "ஆச்சி, இதுக்கு மெருகு போட்டது யாரு?" என்று கேட்டார். கடைத்தெருவில் இருப்பவருக்குத் தெரிந்தது உங்கள் ஏசி அறையில் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை.

அப்புறம் உங்கள் அறிக்கை. கெட்டித்தாளில் அச்சடித்து, முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறீர்கள். பைக்கியின் வாயருகே நீட்டிக்கொண்டிருக்கும் உதட்டுத் தகட்டில் கிரீக் சப் பெயரும், காரெட், இந்தியானா என்ற ஊர் விவரமும், 9-7-20 என்ற பேட்டண்ட் தேதியும் பொறித்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு, "செய்தவர்: திரு. காரெட். செய்த தேதி: 1920 ஜூலை 9" என்று எழுதியிருக்கிறீர்கள். காரெட் என்பது கம்பெனி இருந்த ஊர். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் போடுவார்கள், ஆகவே அது செப்டம்பர் 7. அதுவும் தகட்டுக்குப் பேட்டண்ட் கிடைத்த நாள். அதற்குப் பின் பல வருடங்கள் அதே எழுத்தைத்தான் பொறித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தேதிக்கு முன்னால் செய்ததில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். எந்த வருடம் என்று அறிய கண், வண்ணம், முள் மாட்டிய விதம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஏழாவது லூர், ஐந்து முள்ளும் முன்னும் பின்னும் விசிறியும் உள்ள இன்னொரு ஹெட்டன். அதற்கு "1890கள்" என்று போட்டிருக்கிறீர்கள். மிச்சிகனில் டவாஜியாக் ஊர்க்காரர் ஜேம்ஸ் ஹெட்டனுக்கு லூருக்கான பேட்டண்ட் கிடைத்ததே 1902-ல்தான். இந்த லூரில் முள்ளைப் பிடித்திருப்பது எல் எழுத்து வடிவில் வளைத்த கம்பி. அது முதல் உலகப்போர்க் காலத்தை ஒட்டி வந்த முறை. நான் ஒப்படைத்தபோது எடுத்த படங்களில் அந்தக் கம்பி நன்றாகத் தெரிகிறது. உங்கள் அறிக்கையிலுள்ள படத்திலும் தெரிகிறது!

அதே அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், இந்த ஹெட்டனை உங்கள் மூலமாக அமெரிக்க ஏலத்துக்கு அனுப்பலாம் என்று யோசனை வேறு. 1890களில் செய்தது என்பது உண்மையானால் அதற்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1972-ம் வருடத்துத் தொல்பொருள் சட்டம் இருக்கும்போது, இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்காமல் அதைக் கப்பலேற்றலாம் என்று எனக்கு யோசனை சொல்கிறீர்களா? இல்லை, அந்த வருடத்தை நீங்களே நம்பவில்லையா? இதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

இனி விலை. ஏழுக்கும் ஒரே விலை, ஒன்றுக்கு 1,20,000 ரூபாய், ஆக மொத்தம் 8,40,000. மர லூரும் பிளாஸ்டிக் லூரும் எப்படி ஒரே விலை ஆகும் என்பதற்கு ஒரு வரி விளக்கமும் இல்லை. ஆதாரமாகக் காட்டியிருப்பது 2003-ல் ஒரு ஹாஸ்கெல் மின்னோ 1,01,200 டாலருக்கு ஏலம் போன செய்தி. அது 1859-ல் பேட்டண்ட் வாங்கிய உலோக மீன், அவ்வளவு பெரிய அளவில் கிடைப்பது மிக அபூர்வம். பைக்கியோ லட்சக்கணக்கில் செய்து விற்ற சரக்கு. சாதாரண வண்ணத்தில், நல்ல நிலையில் இருந்தாலும், பெரும்பாலும் சில பத்து டாலருக்குத்தான் கைமாறும். இத்தாலி மார்பிள் விலையைக் காட்டி ஆத்தங்குடிக் கல்லுக்கு மதிப்புப் போட்ட கதையாக இருக்கிறது இது. நிலையைப் பற்றி அறிக்கையில் "சிறப்பு" என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 1976-ல் தொடங்கிய லூர் சேகரிப்பாளர் சங்கம் இதற்கென்றே பத்து வரை எண் போட்டுத் தரம் பிரிக்கிறது. மறுபூச்சு பூசியிருந்தால் அதை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்வதும் அங்கே நேர்மையான வியாபாரத்தின் முறை.

விலை ஏன் ஏறியது என்பது பில்லைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. உங்கள் கட்டணம் மதிப்பில் நூற்றுக்கு இரண்டு. 16,800 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டி 3,024-ம். சுத்தம் செய்த கூலி வரி உட்பட 5,500 தனி. ஆக 25,324 ரூபாய் கட்டியிருக்கிறேன். சரி, இவ்வளவு மதிப்பு என்கிறீர்களே, பாதி விலைக்கு நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். ஏழையும் சேர்த்து 9,000 ரூபாய் தருவதாக உங்கள் கொள்முதல் பிரிவிலிருந்து பதில் வந்தது. கட்டணம் வாங்க 8,40,000, பொருளை வாங்க 9,000. வட்டிக் கணக்கிலேயே வளர்ந்த ஊர் எங்களுடையது, இப்படி ஒரு கணக்கை நாங்கள் பார்த்ததில்லை.

நான் கேட்பது இதுதான். கட்டிய 25,324 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். அறிக்கையை ரத்து செய்து, மறுபூச்சு, தேய்ப்பு, முள் மாற்றம், அசிட்டோன் சேதம் எல்லாவற்றையும் லூர்வாரியாக எழுதிய ஒரு கடிதம் வேண்டும். நாளைக்கு என் பிள்ளைகள் விற்றாலும் வாங்குகிறவர் ஏமாறக்கூடாது. சேதத்துக்கு இழப்பீடு எவ்வளவு என்பதை, லூர் தெரிந்த ஒருவரிடம் உங்கள் செலவில் காட்டி, பின்னர் பேசிக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் முதலில் ஐயாவின் சீட்டு, பெட்டிகள், பழைய முட்கள் ஆகிய மூன்றையும் உங்கள் குப்பைக்கூடை வரை தேடிப் பார்க்க வேண்டும். சீட்டுக்கு விலை போட நான் கேட்கவில்லை. அது எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2019-ம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். வாடிக்கையாளர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட அந்தச் சட்டம் இடம் தருகிறது. சென்னையில்தான் பேச வேண்டும் என்று உங்கள் ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை நான் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

"திருப்பி அனுப்புங்கள், இலவசமாகச் சரிசெய்து தருகிறோம்" என்று நேற்று குறுஞ்செய்தி வந்தது. வேண்டாம். இனி ஒரு மீனும் உங்கள் கைக்கு வராது. ரப்பர் புழுக்களை அன்றைக்கே வெளியே எடுத்துப்போட்டேன். ஏழையும் தனித்தனியாக அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, வெயில் படாத அலமாரியில் வைத்துவிட்டேன். பழைய முட்கள் கிடைத்தால், எண்ணெய் போட்டுத் துடைக்காமல், துருவோடு அப்படியே தாளில் மடித்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பள்ளத்தூர்.

இணைப்பு: ரசீது, பில், அறிக்கை ஆகியவற்றின் நகல், முன்னும் பின்னும் எடுத்த படங்கள், வாட்ஸ்அப் உரையாடலின் அச்சு.