கூரைப் பராமரிப்புக்கும் நிதி வேண்டும்

ஐயா, பசிபிக் தீவுப் பள்ளிகளுக்கான பன்னாட்டு உதவி குறித்த தங்கள் தலையங்கம் கண்டேன். கட்டடம் எழுப்பியதோடு உதவி நின்றுவிடுவதே பெருங்குறை. 2016 பிப்ரவரி 20 அன்று பிஜியைத் தாக்கிய வின்ஸ்டன் புயல் 44 உயிர்களைப் பறித்தது. பல பள்ளிகள் கூரை இழந்தன. புயல்காற்று கூரைத் தகட்டை விளிம்பிலும் முகட்டிலும்தான் முதலில் பெயர்க்கும். அங்கே திருகாணிகளை வாஷருடன் நெருக்கமாக முடுக்க வேண்டும். கூரையைத் தாங்கும் சாய்வு மரமான ஒவ்வொரு கைமரத்தையும் சுவர்மேல் கிடக்கும் மரத்தோடு இரும்புப் பட்டையால் பிணைக்க வேண்டும். வெறும் ஆணி பிடுங்கிக்கொள்ளும். உப்புக் காற்றில் பட்டையும் துருவேறும் என்பதால், புயல் பருவம் தொடங்கும் நவம்பருக்கு முன் ஆண்டுதோறும் பரிசோதனை அவசியம்.

தேங்காய் நார்க் கயிற்றால் மரங்களை வரிந்து கட்டி வீடெழுப்பிய மரபு பிஜியருடையது. பிணைப்பின் அருமை அவர்களுக்குப் புதிதல்ல. உதவி நிதியில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென ஒதுக்கி, ஊர்த் தச்சர்களுக்கே பயிற்சியும் மாற்றுப் பட்டைகளும் வழங்கலாம்.