மோட்டார் சத்தம் கேட்டு நிமிரும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

போன ஞாயிறு பினாங்கில், பிறையில் இருக்கும் அம்மா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பக்கத்து வீட்டுப் பையன்தான். ஆனாலும் உன் கை தட்டிலேயே நின்றுவிட்டது, என் கையும். அப்பா போய் 11 வருஷம் ஆகிறது.

38 வயதில் உனக்கு ரத்தக் கொதிப்பு 160/100. உப்பைக் குறை, சிகரெட்டை விடு என்றார் டாக்டர். சரி, அதைக் கேள்; மாத்திரையையும் நிறுத்திவிடாதே. ஆனால் சின்ன வயதில் நீ எப்படித் தூங்கினாய் என்று உன்னிடம் யாரும் கேட்டதில்லை.

அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் அண்டா என்ற இரு மருத்துவர்கள் சின்ன வயதைப் பற்றிக் கேட்டார்கள். சான் டியாகோவில் உடல் பரிசோதனைக்கு வந்த பெரியவர்களிடம், வீட்டில் குடிப்பவர் இருந்தாரா, அம்மா அடி வாங்கினாரா, நீங்கள் வாங்கினீர்களா என்று விசாரித்தார்கள். 9,508 பேரின் பதில்களை வைத்து 1998இல் கட்டுரை வந்தது. இப்படிப்பட்ட அனுபவங்கள் கூடக் கூட, பின்னாளில் இதய நோயும் மனச்சோர்வும் குடிப்பழக்கமும் கூடியிருந்தன. அதற்காக இது தலையெழுத்து இல்லை தம்பி. அத்தனை பேரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு அது, உன் ஜாதகம் அல்ல.

ராத்திரி அப்பாவின் மோட்டார் சந்து திரும்பும்போதே நம் நெஞ்சு அடித்துக்கொள்ளும், நினைவிருக்கிறதா? அட்ரினலின், கார்டிசோல் என்ற ஹார்மோன்கள் எல்லாம் சுரந்து, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறி, ஓடுவதற்கு உடம்பு தயாராகிவிடும். ஆபத்து போனதும் அது இறங்க வேண்டும். நமக்கு இறங்கவே நேரமில்லை. மறுநாள் ராத்திரி வந்துவிடும். வருஷக்கணக்கில் இப்படி இருந்தால் ரத்தக்குழாய், வயிறு, தூக்கம் எல்லாமே தேயும். நீ கோழை என்று மாமா சொல்வதை நம்பாதே. உன்னைக் காப்பாற்றத்தான் உன் உடம்பு இதைப் பழகிக்கொண்டது.

இப்போது சொல்லப்போவதை எழுதப் பல நாள் தயங்கினேன். உன் கார் சத்தம் கேட்டதும் உன் மகள் டிவியின் சத்தத்தைக் குறைக்கிறாள். நான் பார்த்தேன். நீ அவளை அடித்ததில்லை, எனக்குத் தெரியும். கத்துகிறாய், அப்புறம் குளியலறையில் போய் அழுகிறாய். அதுவும் தெரியும்.

நான் ஒரு வருஷமாகக் கவுன்சிலிங் போகிறேன். முதல் நாள் நம் தகரக் கூரையில் மழை பெய்யும் சத்தத்தைப் பற்றி மட்டும்தான் பேசினேன். அப்பாவை மன்னிக்கச் சொல்லி அங்கே யாரும் வற்புறுத்தவில்லை, நானும் உன்னிடம் கேட்கமாட்டேன். அடுத்த முறை அரசாங்க கிளினிக்கில் பிரஷர் பார்க்கும்போது டாக்டரிடம் இதையும் சொல், மனநலப் பிரிவுக்கு அனுப்பச் சொல். கிளினிக் கட்டணம் 1 ரிங்கிட்தான். அதுவரை பொறுக்க முடியாத ராத்திரி வந்தால் மலேசிய சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555 இருக்கிறது, நானும் இருக்கிறேன். கோபம் ஏறும்போது மூச்சை இழுத்ததைவிட மெதுவாக, நீளமாக விடு. இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும்.

சனிக்கிழமை காலை 7 மணிக்குத் தண்ணீர்மலைப் பூங்கா வாசலில் நிற்பேன். மகளையும் கூட்டிக்கொண்டு வா.

அக்கா