ஓட்டு போட வேண்டியது நீங்க: அமெரிக்க காங்கிரஸுக்கு ஒரு திறந்த மடல்

காங்கிரஸ் உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

ரெண்டு கட்சிக்காரங்களுக்கும் சேர்த்துதான் எழுதறேன். நான் இங்க பொறந்தவன் இல்ல, வந்து குடியுரிமை வாங்கினவன். அப்ப இன்டர்வியூக்கு 100 கேள்வி படிக்க வேண்டியிருந்துச்சு, ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் நானும் என் மனைவியும் டேபிள்ல எதிரெதிரா உக்காந்து மாத்தி மாத்தி கேட்டுக்குவோம். ஃபெடரல் அரசுக்கு இருக்கிற அதிகாரம் ஒண்ணு சொல்லுன்னா "போர் அறிவிக்கறது"ன்னு சொல்லலாம், இந்த நாட்டுல வாழற எல்லாருக்கும் இருக்கிற உரிமை ரெண்டு சொல்லுன்னா பேச்சுரிமை, அரசாங்கத்துக்கு மனு குடுக்கிற உரிமைன்னு சொல்லலாம். அப்ப ரெண்டையும் தனித்தனியா மனப்பாடம் பண்ணிட்டேன், ஒண்ணு போனா இன்னொண்ணும் கூடவே போயிடும்னு தோணவே இல்ல.

அது உறைச்சது வாஷிங்டன்ல வியட்நாம் நினைவுச் சுவர் முன்னாடி நின்னப்பதான். கருப்பு கிரானைட், பேரைப் படிக்கும்போது நம்ம மூஞ்சியும் அதுல தெரியும். பக்கத்துல ஒரு வயசான அம்மா, ஒரு பேர் மேல பேப்பர வெச்சு பென்சிலால தேச்சுட்டு இருந்தாங்க, கடைசி எழுத்து சரியா விழல போல, அந்த பேப்பர பத்திரமா மடிச்சு பைக்குள்ள வெச்சுட்டு இன்னொண்ணு எடுத்து மறுபடி முதல்ல இருந்து தேச்சாங்க. அங்க பேரெல்லாம் அகர வரிசையில இல்ல, செத்த தேதி வரிசையில இருக்கு. சுவர் மடங்குற நடு இடத்துல 1959-ல ஆரம்பிக்குது. 1964 ஆகஸ்ட் 7 வரைக்கும் செத்தவங்க பேர் கிட்டத்தட்ட அத்தனையும் அந்த முதல் பேனல்லயே அடங்கிடுது. பேர் செதுக்கின பேனல் மொத்தம் 140. 58,000-க்கு மேல பேர். வியட்நாம், கம்போடியா, லாவோஸ்ல செத்த லட்சக்கணக்கான ஜனங்களுக்கு அந்தச் சுவர்ல இடமும் இல்ல.

1964 ஆகஸ்ட் 7 என்ன நாள்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, இருந்தாலும் சொல்றேன். டாங்கின் வளைகுடாவுல ஆகஸ்ட் 2-ஆம் தேதி நம்ம மடாக்ஸ் போர்க்கப்பல் மேல வடக்கு வியட்நாம் தாக்குதல் நடத்தினது நிஜம். 4-ஆம் தேதி ரெண்டாவது தடவையும் தாக்கினாங்கன்னு சொன்னாங்களே, அது நடக்கவே இல்ல. அங்க இருந்த கமாண்டரே அன்னைக்கே தந்தி குடுத்தார், மோசமான வானிலையில ரேடார் தப்பா காட்டியிருக்கலாம், சோனார்ல உக்காந்திருந்த பையன் பதட்டத்துல தப்பா கேட்டிருக்கலாம், நல்லா விசாரிச்சுட்டு முடிவெடுங்கன்னு. யார் காத்திருந்தா? வியட்நாம்ல படைய இஷ்டப்படி இறக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் குடுக்கிற தீர்மானத்த ஆகஸ்ட் 7-ஆம் தேதியே நிறைவேத்திட்டீங்க. கீழவையான ஹவுஸ்ல ஒரு மணி நேரம்கூட பேசல, 416-க்கு 0. செனட்ல 88-க்கு 2. அந்த ரெண்டு பேர் ஓரிகன்காரர் வெய்ன் மோர்ஸ், அலாஸ்காக்காரர் எர்னஸ்ட் க்ரூனிங். போர் அறிவிக்கிற அதிகாரம் அரசியல் சட்டத்தோட முதல் பிரிவுல நம்ம கையில குடுத்திருக்கு, அத ஜனாதிபதி கையில தூக்கிக் குடுக்க நமக்கே உரிமை கிடையாதுன்னு மோர்ஸ் கத்திப் பார்த்தார். 1968 தேர்தல்ல ரெண்டு பேருமே சீட்டை இழந்தாங்க.

அப்ப ஜனாதிபதியா இருந்த ஜான்சன் 1964 அக்டோபர்ல, ஆசியப் பசங்க செய்ய வேண்டியத செய்ய நம்ம பசங்கள அவ்வளவு தூரம் அனுப்பப் போறதில்லன்னு பிரச்சாரத்துல சொன்னார், ஜெயிச்சார், 1965 மார்ச்ல மரீன்ஸ் டா நாங் கரையில இறங்கிட்டாங்க, நாலு வருஷத்துல அங்க இருந்த நம்ம படை அஞ்சு லட்சத்த தாண்டிடுச்சு. என்னய்யா இது, போர் அறிவிக்கவே இல்லையேன்னு 1967-ல செனட்ல கேட்டப்போ, நீங்க போட்ட அந்தத் தீர்மானமே போர் அறிவிப்புக்கு சமம்தானேன்னு அரசுத் தரப்புல வந்து பதில் சொல்லிட்டுப் போனாங்க. உங்க கையெழுத்தையே உங்க முன்னாடி நீட்டினாங்க.

இதுவரைக்கும் எல்லாரும் சொல்ற கதைதான். எனக்கு நெஞ்ச அறுக்கறது அதுக்கு அப்புறம் உள்நாட்டுல நடந்தது.

1969 மார்ச்ல அடுத்த ஜனாதிபதி நிக்சன் பக்கத்து நாடான கம்போடியா மேல குண்டு போட ஆரம்பிச்சார், பதினாலு மாசம், பி-52 விமானம், அத்தனையும் ரகசியம். விமானம் தெற்கு வியட்நாமுக்குள்ளதான் போச்சுன்னு பொய்யா ரெக்கார்ட் எழுதினாங்க. யாருக்குத் தெரியக்கூடாதுன்னு இந்த ரகசியம்? குண்டு விழுந்த ஊர்க்காரனுக்குத் தெரியாதா? வடக்கு வியட்நாமுக்குத் தெரியாதா? தெரியக்கூடாதுன்னு வெச்சது அமெரிக்க ஜனங்களுக்கும் உங்களுக்கும்தான். ஒரு போர மறைக்கணும்னா வாய் இருக்கிற எல்லாரையும் கண்காணிச்சாகணும். அதான் நடந்துச்சு. மே மாசம் நியூயார்க் டைம்ஸ்ல செய்தி வந்ததுல இருந்து ஆரம்பிச்சு கோர்ட் வாரன்ட் எதுவும் இல்லாம 17 பேர் போன ஒட்டுக் கேட்டாங்க, சொந்த அதிகாரிங்க, பத்திரிகைக்காரங்க எல்லாரும் அதுல அடக்கம். 1971-ல எல்ஸ்பெர்க்ங்கற ஆய்வாளர் வியட்நாம் போர் பத்தின அரசாங்க ரகசிய அறிக்கைய, பென்டகன் ஆவணங்கள்னு சொல்றத, வெளிய குடுத்தார், டைம்ஸ அச்சடிக்க விடாம கோர்ட்டுக்குப் போனாங்க, சுப்ரீம் கோர்ட் 6-3-ன்னு தீர்ப்பு சொல்லி விட்டுச்சு, அதோட நிக்காம வெள்ளை மாளிகை ஆளுங்க எல்ஸ்பெர்க்கோட மனநல டாக்டர் ஆபீஸ்ல பூட்ட உடைச்சு உள்ள பூந்தாங்க. போருக்கும் ஒரு டாக்டர் ஆபீஸ் அலமாரிக்கும் என்ன சம்பந்தம்? ஆனா ஒண்ணு இன்னொண்ணுல கொண்டு போய் விட்டுச்சு.

உரிமைகள காப்பாத்தினது யாருன்னு பாருங்க. அயோவால ஒரு 13 வயசுப் பொண்ணு, மேரி பெத் டிங்கர், போர எதிர்த்து கையில கருப்புத் துணி கட்டிட்டு ஸ்கூலுக்குப் போனா, வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, 1969-ல சுப்ரீம் கோர்ட் ஸ்கூல் வாசல்ல பேச்சுரிமைய கழட்டி வெச்சுட்டு வர வேண்டியதில்லன்னு சொல்லிடுச்சு. ஜூலியன் பாண்ட் ஜார்ஜியாவுல ஜெயிச்சு வந்தவர், போர எதிர்த்துப் பேசினதுக்காக சட்டசபையில உக்கார விடல, அவர் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் சீட்ட வாங்கினார். பாக்ஸர் முகமது அலி படையில சேர மறுத்ததால மூணு வருஷத்துக்கு மேல ரிங்குக்குள்ள கால் வைக்க முடியாம இருந்துட்டு 1971-ல கோர்ட்ல ஜெயிச்சார். ஒஹையோவுல கென்ட் ஸ்டேட் யுனிவர்சிட்டில நாலு பசங்க கோர்ட்டுக்குப் போகவே வழியில்லாமப் போச்சு. 1970 மே 4, போர எதிர்த்து நடந்த போராட்டத்துல நேஷனல் கார்ட் படை சுட்டுச்சு, 13 செகண்ட்ல 67 தோட்டா, அந்த நாலு பேரும் செத்துட்டாங்க. ரெண்டு பேர் ஊர்வலத்துலகூட இல்ல, ஒரு கிளாஸ்ல இருந்து இன்னொரு கிளாஸுக்கு நடந்து போயிட்டிருந்த பசங்க.

இத்தனை பேர் தனித்தனியா மாரடிச்சுட்டு இருந்தப்போ நீங்க மொத்தமா ஒரு ஓட்டு போட்டிருந்தா போதும். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. 1974-ல ஹவுஸ் நீதித்துறை கமிட்டி முன்னாடி நிக்சன் மேல பதவி நீக்கக் குற்றச்சாட்டுகள் வந்துச்சு, கம்போடியா ரகசிய குண்டுவீச்சும் அதுல ஒண்ணு, அத மட்டும் 26-க்கு 12-ன்னு தள்ளிட்டீங்க. வாட்டர்கேட்ல எதிர்க்கட்சி ஆபீஸ் பூட்ட உடைச்சத மறைச்சது குத்தம், ஒரு நாட்டு மேல ஒரு வருஷத்துக்கு மேல குண்டு போட்டு உங்ககிட்டயே பொய் சொன்னது குத்தம் இல்லையா?

நல்லது பண்ணலன்னு சொல்ல மாட்டேன். 1973 நவம்பர்ல நிக்சன் வீட்டோவ மீறி போர் அதிகாரத் தீர்மானத்த நிறைவேத்தினீங்க, 48 மணி நேரத்துல உங்களுக்கு தகவல் சொல்லணும், உங்க அனுமதி இல்லாம 60 நாளுக்கு மேல தொடரக் கூடாது. அந்த 60 நாள யார் எண்ணிட்டு இருக்கா? 2011-ல லிபியாவுல 60 நாள் தாண்டுச்சு, ஒபாமா அரசு இது "சண்டை"ங்கற வார்த்தைக்குள்ளயே வராதுன்னு விளக்கம் குடுத்துச்சு. 2001-ல செப்டம்பர் 11 தாக்குதலுக்கு அப்புறம் ஜனாதிபதிக்கு படைய பயன்படுத்த அதிகாரம் குடுக்கிற தீர்மானம் வந்துச்சு, ஹவுஸ்ல 420-க்கு 1, அந்த ஒருத்தர் பார்பரா லீ, மோர்ஸ் சொன்னதையேதான் அவங்களும் சொன்னாங்க, வெத்துச் செக்குல கையெழுத்து போடாதீங்கன்னு. அந்தத் தீர்மானத்த வெச்சுதான் அதுக்கப்புறம் வந்த ஜனாதிபதிங்க, 2001-ல இல்லவே இல்லாத அமைப்புங்களுக்கு எதிராவும் சண்டை போட்டிருக்காங்க. இதுல கட்சியே கிடையாது, ஜான்சன் ஒரு கட்சி, நிக்சன் ஒரு கட்சி.

எதிர்த்து ஓட்டு போட்டா தேசத்துரோகின்னுவாங்க, ஆதரிச்சுப் போட்டு போர் கெட்டுப் போனா அதுவும் உங்க தலையில விடியும், அதனாலதான் ஓட்டே போடாம இருக்கப் பார்க்கறீங்கன்னு எனக்குப் புரியுது. ஆனா போர்முனைக்குப் போற பையனுக்கு அந்த வசதி இல்லையே.

அதனால நான் கேக்கறது இதுதான். எந்த ஜனாதிபதி எந்த நாட்டு மேல படை எடுத்தாலும் 60 நாள் முடியறதுக்குள்ள அவையில ஓட்டெடுப்பு நடத்துங்க, குரல் ஓட்டு வேண்டாம், பேர் பேரா பதிவு பண்ணுங்க. 2001 தீர்மானத்த ரத்து பண்ணுங்க. குண்டு எங்க விழுதுன்னு முழுக் கணக்கு கேட்டு வாங்குங்க, குடுக்கலன்னா பணத்த நிறுத்துங்க, கஜானா சாவி உங்க கையிலதான் இருக்கு.

இந்தக் கடிதத்தோட இங்கிலீஷ் காப்பி எங்க ஊர் உறுப்பினர் ஆபீஸுக்கும் அனுப்பிட்டேன். அடுத்த டவுன்ஹால் கூட்டத்துக்கு முதல் வரிசையில வந்து உக்காருவேன், மைக் கைக்கு வந்தா ஒரே கேள்விதான்: என்னைக்கு ஓட்டு போட்டீங்க, எந்தப் பக்கம் போட்டீங்க?

இப்படிக்கு,
உங்களுக்கு ஓட்டு போடற ஒருத்தன்