மாதப் பட்டியலில் எண்ணும் இருக்கட்டும், முதல் இடம் காலியாக இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அருப்புக்கோட்டையில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். பி.சி.ஏ. படித்தவள். கடை திறந்ததிலிருந்து சாத்தும் வரை அடுத்தவர்களுக்காக ஆன்லைன் படிவம் நிரப்புவதுதான் என் பிழைப்பு. அந்தப் படிவங்களில் பிறந்த மாதத்தைக் கேட்கும் சின்ன டிராப்டவுன் (தொட்டால் கீழே விரியும் தேர்வுப் பட்டியல்) எத்தனை பேரை அலைக்கழிக்கிறது என்பதை அதை உருவாக்கும் பொறியாளர்களுக்கு உங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கல்லூரியில் முதலாமாண்டு படிக்கும் ஒரு பெண், அம்மாவோடு கடைக்கு வந்தாள். வீட்டிலேயே போனில் நிரப்பிய உதவித்தொகை விண்ணப்பம் திரும்பிவிட்டது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் பிறந்த மாதம் மார்ச், விண்ணப்பத்தில் அக்டோபர். "நான் அக்டோபர்னு போடவே இல்லக்கா" என்று அழாத குறையாகச் சொன்னாள். அந்தப் படிவத்தின் தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மாதங்கள் இந்த வரிசையில் இருந்தன: அக்டோபர், ஆகஸ்ட், ஏப்ரல், செப்டம்பர், ஜனவரி, ஜூன், ஜூலை, டிசம்பர், நவம்பர், பிப்ரவரி, மார்ச், மே. "தேர்வு செய்க" என்று ஒரு வெற்று வரி மேலே இல்லை. அந்தப் பெட்டியைத் தொடாமல் கடந்துபோனால் முதலில் இருக்கும் அக்டோபரே பதிவாகிவிடும். படிவம் எந்த எச்சரிக்கையும் தராது, நிரம்பிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளும்.

இது எப்படி நடந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. மாவட்டப் பட்டியலை அரியலூரில் தொடங்கி அகர வரிசையில் அடுக்குவது சரி. 38 பெயர்களில் தன் மாவட்டத்தைத் தேட அதுதான் வசதி. மாவட்டத்துக்கு எழுதிய அதே நிரலை மாதத்துக்கும் போட்டிருப்பார்கள். கணினி தமிழ் எழுத்துகளின் குறியீட்டு வரிசைப்படி அடுக்கிக் கொடுத்துவிட்டது. மாதத்துக்கு வரிசை என்பது 1 முதல் 12 வரைதான். அந்த எண்ணைத் தரவுத்தளத்தில் ஒரு தனி நெடுவரிசையாக வைத்து அதன்படி அடுக்கினால் எந்த மொழியில் காட்டினாலும் குழப்பம் வராது.

வேறொரு படிவத்தில் ஜனவரியில் பிறந்தவர்களுக்கு மட்டும் "மாதத்தைத் தேர்ந்தெடுக்கவும்" என்று சிவப்பு எழுத்தில் பிழை வந்துகொண்டே இருந்தது. தேர்ந்தெடுத்த பிறகும் அதேதான். இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் மாதங்கள் 0-வில் தொடங்கி 11-இல் முடிகின்றன. 1995-இல் ஜாவா மொழியின் தேதி அமைப்பிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்ட வழக்கம் அது. ஜனவரிக்கு 0 என்ற மதிப்பைக் கொடுத்துவிட்டு, சரிபார்க்கும் இடத்தில் 0 என்றால் காலி என்று எழுதினால் ஜனவரிக்காரர்கள் உள்ளேயே நுழைய முடியாது. இதிலாவது பிழை கண்ணுக்குத் தெரிகிறது. ஆகஸ்டுக்கு 7 என்று அனுப்பி, வாங்கும் பக்கம் அதை ஜூலை என்று படித்துக்கொண்டால், விண்ணப்பம் அச்சாகி வரும் வரை யாருக்கும் தெரியாது. திரையில் என்ன காட்டினாலும், அனுப்பும் மதிப்பு ஜனவரிக்கு 1, டிசம்பருக்கு 12 என்றே இருக்கட்டும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று உலாவியே தரும் தேதிப் பெட்டியைச் சிலர் வைத்துவிடுகிறார்கள். எங்களைப் போன்ற கடைகளில் பல கணினிகள் அமெரிக்க ஆங்கில அமைப்பிலேயே ஓடுகின்றன. அதில் அந்தப் பெட்டி மாதத்தை முன்னால் கேட்கும், நாளைப் பின்னால் கேட்கும். ஆதாரில் 05/08/1958 என்று இருப்பதைப் பார்த்து அப்படியே தட்டினால் ஆகஸ்ட் 5 மே 8 ஆகிவிடும். நாள் 12-க்குள் இருந்தால் கணினிக்குச் சந்தேகமே வராது. அதனால்தான் மாதத்துக்கு டிராப்டவுனே நல்லது என்று நினைக்கிறேன், அது ஒழுங்காக இருந்தால்.

என் கைக்கு வரும் சான்றுகள் பெரும்பாலானவற்றில் மாதம் எண்ணாகத்தான் இருக்கிறது. பட்டியலிலோ பெயர் மட்டும். எட்டாவது மாதம் எது என்று விரல்விட்டு எண்ணிப் பார்க்கும் பெரியவர்கள் தினமும் வருகிறார்கள். "08 - ஆகஸ்ட்" என்று இரண்டையும் சேர்த்துப் போட்டால் என்ன குறைந்துவிடும்? முன்னால் வரும் சுழியம் முக்கியம். விசைப்பலகையில் 0, 8 என்று அடுத்தடுத்துத் தட்டினால் தேர்வு நேராக ஆகஸ்டில் போய் நிற்கும். வெறும் 1 என்று இருந்தால் ஜனவரிக்கும் அக்டோபருக்கும் இடையே தடுமாறும். தமிழில் பெயர் மட்டும் இருந்தாலோ, ஆங்கில விசைப்பலகையிலிருந்து ஒரு எழுத்தும் உதவாது. சுட்டியைப் பிடித்து உருட்டித்தான் ஆக வேண்டும். பார்வையற்றவர்கள், திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வைத்துத் தாங்களே நிரப்புகிறார்கள். தமிழ்க் குரல் நிறுவாத கணினியில் அந்த எண்ணாவது காதில் விழும். மின்னணு வழி அணுகல் அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இந்தச் சின்னப் பெட்டிக்கும் அது பொருந்தும்தானே?

மாதமே தெரியாதவர்களை யாரும் நினைப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். "ஆவணியில பொறந்தேன், பெரிய மழ பேஞ்ச வருசம்" என்று சொல்லும் பாட்டிகளிடம் நான் என்ன மாதத்தைப் போடுவது? ஆவணி ஆகஸ்ட் பாதியிலிருந்து செப்டம்பர் பாதி வரை போகிறது. பழைய ஆதார் அட்டைகள் சிலவற்றில் பிறந்த ஆண்டு மட்டும்தான் அச்சாகியிருக்கும். படிவமோ மாதம் இல்லாமல் நகராது. வேறு வழியில்லாமல் ஏதோ ஒன்றை வைத்தால், அது பின்னாளில் வேறு ஆவணத்தோடு முட்டும். முதியோருக்கான படிவங்களிலாவது "மாதம் தெரியாது" என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

பிரிட்டன் அரசின் வடிவமைப்பு வழிகாட்டியில் பிறந்த தேதிக்கு டிராப்டவுனே இல்லை. நாள், மாதம், ஆண்டு என்று மூன்று சிறு பெட்டிகள். மாதத்தை எண்ணாகத் தட்டலாம், பெயராக எழுதினாலும் ஏற்க வேண்டும் என்கிறார்கள். நம் ஊரில் தமிழிலும் ஆங்கிலத்திலும் கலந்து தட்டுவார்கள் என்பதால் எண்ணோடு கூடிய பட்டியலே இங்கே எளிது என்பது என் அனுபவம். வேறு கருத்து உள்ளவர்கள் எழுதட்டும்.

படிவத்தை வெளியிடும் முன், ஜனவரியில் பிறந்த ஒருவர், டிசம்பரில் பிறந்த ஒருவர், மாதம் தெரியாத ஒருவர் என மூன்று விண்ணப்பங்களைத் தமிழ்ப் பக்கத்திலேயே நிரப்பி, அச்செடுத்து, ஒப்பிட்டுப் பார்க்கும்படி சம்பந்தப்பட்ட துறைகளையும் நிறுவனங்களையும் கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே அக்டோபர் என்று பதிவான மாணவர்களுக்குத் திருத்தம் செய்ய ஒரு வாய்ப்பை, கட்டணம் வாங்காமல், இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் திறந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர் நடத்தும் வாசகி,
அருப்புக்கோட்டை.